சந்தைக் கணக்கும் பள்ளிக் கணக்கும்

ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேர்ச்சி பெறாத மாணவர்களை அதே வகுப்பில் நிறுத்திவைக்க வழிசெய்யும் விதித் திருத்தத்தை மத்திய அரசு 2024 டிசம்பரில் வெளியிட்டது. தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. நிறுத்திவைப்பதா, மேல்வகுப்புக்கு அனுப்புவதா என்று விவாதிக்கும் நாம், ஒரு குழந்தைக்குக் கணக்குத் தெரியுமா தெரியாதா என்பதை எதைக் கொண்டு முடிவு செய்கிறோம் என்று கேட்பதில்லை.

2025 பிப்ரவரியில் 'நேச்சர்' ஆய்விதழில் வெளியான கட்டுரை ஒன்று இந்தக் கேள்வியை நேரடியாகத் தொடுகிறது. பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, உளவியலாளர் எலிசபெத் ஸ்பெல்கி உள்ளிட்டோர், கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,436 சிறார்களை ஆராய்ந்தனர். ஆய்வாளர்கள் வாடிக்கையாளர்களைப் போலச் சென்று, கிலோ 20 ரூபாய் உருளைக்கிழங்கில் 800 கிராமும், கிலோ 15 ரூபாய் வெங்காயத்தில் 1.4 கிலோவும் கேட்பார்கள். 200 ரூபாய்த் தாளை நீட்டுவார்கள். விலை 37 ரூபாய், மீதி 163 ரூபாய் என்று சிறார்கள் மனத்திலேயே கணக்கிட்டுக் கொடுத்தனர். அதே சிறார்களிடம், அதைவிட எளிய கணக்கைப் பள்ளி வடிவில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது திணறினர். மனப்பாடமோ, பிறர் உதவியோ, தேர்வு அச்சமோ இந்த வேறுபாட்டுக்குக் காரணமல்ல என்பதையும் ஆய்வு சோதித்துக் காட்டியது.

பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் பொருள் விற்ற ஐந்து சிறார்களைப் பற்றி 1985-இல் வெளியான ஆய்வும் இதையே கண்டது. ஆனால், எனக்குக் கூடுதல் கவலை தருவது இந்திய ஆய்வின் மறுபாதி. சந்தை அனுபவமற்ற 471 பள்ளி மாணவர்கள் எளிய ஏட்டுக் கணக்குகளைச் சரியாகச் செய்தனர். ஆனால், சந்தைச் சிறார்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானோர் விடை கண்ட ஒரு விற்பனைக் கணக்குக்கு, இவர்களில் நூற்றுக்கு ஒருவரே விடை சொன்னார். நம் தேர்வு முறையில் 'தேர்ச்சி' பெறப்போகிறவர்கள் இவர்கள்தாம்.

ஓரிடத்தில் கற்றது இன்னோரிடத்துக்குத் தானாகச் செல்வதில்லை என்பதைத் தார்ன்டைக்கும் உட்வொர்த்தும் 1901-லேயே சோதனைகளால் காட்டினர். மதுரையில் பொருளியல் கற்பித்த ஆண்டுகளில் நானும் இதைப் பார்த்திருக்கிறேன். மல்லிகை பயிரிடும் குடும்பத்து மாணவர்கள், முகூர்த்த நாளில் விலை எவ்வளவு ஏறினாலும் பூ வாங்குவோர் குறையமாட்டார்கள் என்பதைச் சரளமாக விளக்குவார்கள். 'தேவை நெகிழ்ச்சி' என்று கரும்பலகையில் எழுதியவுடன் மௌனமாகிவிடுவார்கள்.

இந்த இடைவெளி தமிழ்நாட்டில் எப்போதும் இருந்ததல்ல. திண்ணைப் பள்ளிகளின் எண்சுவடியில் முந்திரி, காணி, மா, வீசம் என்ற பின்னங்களைச் சிறுவர்கள் வாய்விட்டுப் பயின்றனர். நிலமும் நெல்லும் அளக்கப்பட்ட அதே எண்களே பாடமாகவும் இருந்தன. அப்பள்ளிகளைப் போற்றுவது என் நோக்கமன்று. பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் அவற்றின் கதவுகள் பெரும்பாலும் மூடியே இருந்தன. சிறார் உழைப்புக்கும் இந்த ஆய்வு சான்றிதழ் தரவில்லை. சந்தையில் நிற்கும் குழந்தை பள்ளியில் இருக்க வேண்டிய குழந்தைதான்.

ஆனால், அக்குழந்தை பள்ளிக்கு வரும்போது அதன் கையிலிருக்கும் கணக்கை ஆசிரியர் அடையாளம் காண வேண்டும். மாட்டுத்தாவணிச் சந்தையில் தந்தைக்குத் துணையாக நிற்கும் சிறுமி, 400 கிராம் பூவுக்கு விலை சொல்லும் வழியைத் தன் சொற்களில் விளக்கட்டும். அதையே பெருக்கலாகப் பலகையில் எழுதிக் காட்டலாம். 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடக்க வகுப்புகளில் செயல்வழிக் கற்றலுக்கு இடம் தந்திருக்கிறது. மதிப்பீட்டிலும் வாய்மொழிக் கணக்குக்கு மதிப்பெண் ஒதுக்கலாம். இதற்கு ஆசிரியரின் நேரம்தான் செலவு, அது சிறிய செலவும் அன்று: நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்றாலும் மூன்று மணி நேரத்தைத் தாண்டும். அந்த நேரத்தைத் தர, பதிவேடுகளை நிரப்பும் பணியிலிருந்து ஆசிரியர்களை அரசு முதலில் விடுவிக்க வேண்டும்.