வாட்ச் எண்ணும்... நடக்க வேண்டியது தம்பிதான்!

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீக்கடையில் நிற்கும் இளைஞர்களின் மணிக்கட்டைக் கவனியுங்கள். நிறையப் பேர் கையில் ஸ்மார்ட் வாட்ச். மணி பார்ப்பதற்காக அதை வாங்குகிறவர்கள் குறைவு. எத்தனை அடி நடந்தோம், இதயம் எவ்வளவு துடிக்கிறது, எத்தனை மணி நேரம் தூங்கினோம், எல்லாம் அதில் தெரிகிறது. வாங்கிய முதல் வாரம் தம்பி மாடிப்படியில் பத்து தடவை ஏறி இறங்குவார். இரண்டாவது மாதம் அது வாட்ஸ்அப் மெசேஜ் பார்க்கிற கருவியாகிவிடும்.

"இதைக் கட்டினா பையன் நடப்பானா?" என்று அம்மாக்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 2022 நிலவரப்படி, இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தேவையான அளவுக்கு உடலை அசைப்பதில்லை. ஆண்களில் மட்டும் பார்த்தால் 42 சதவிகிதம். நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். நம்மவர்களுக்கு இந்த நோய் இளவயதிலேயே வந்துவிடுகிறது என்பதுதான் கூடுதல் கவலை.

சரி, வாட்ச் உதவுமா? உதவும், ஓரளவுக்கு. உலகம் முழுக்க நடந்த சுமார் 400 ஆய்வுகளைத் தொகுத்து 2022-ல் பார்த்தார்கள். இந்தக் கருவிகளைக் கட்டியவர்கள் சராசரியாக ஒரு நாளைக்கு 1,800 அடி கூடுதலாக நடந்திருக்கிறார்கள். எடையில் குறைந்தது ஒரு கிலோ அளவுதான்.

ஆனால், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் நடந்த ஆய்வு வேறு கதை சொல்கிறது. 18 முதல் 35 வயது வரையுள்ள, எடை கூடிய 471 பேர். எல்லோருக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை. ஒரு பாதிக்கு மட்டும் கூடவே கருவி. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், கருவி கட்டியவர்கள் குறைத்தது சராசரியாக 3.5 கிலோ, கட்டாதவர்கள் 5.9 கிலோ! ஏன் இப்படி என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. "இன்னிக்கு நிறைய நடந்தாச்சு, ரெண்டு பரோட்டா கூடச் சாப்பிடலாம்" என்று மனசு கணக்குப் போட்டிருக்கும் என்பது என் சந்தேகம். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் பரோட்டா இருக்குமிடத்தில் பால்கோவா என்று போட்டுக்கொள்ளலாம்.

சிங்கப்பூரில் 800 ஊழியர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. நடந்தால் பணம் என்றதும் ஒரு பிரிவினர் நன்றாக நடந்தார்கள். ஆறு மாதத்தில் பணம் நின்றது, அந்த நடையும் நின்றுவிட்டது. "தினமும் நடந்தா பைக் வாங்கித் தர்றேன்" என்று பையனிடம் பேரம் பேசுகிற அப்பாக்கள் இதை யோசிக்கலாம்.

அப்புறம் அந்தப் பத்தாயிரம் அடி. டாக்டர்கள் கண்டுபிடித்த எண் அல்ல அது. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரே 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்பதுதான். பின்னால் வந்த ஆய்வுகளின்படி, 60 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 8,000 முதல் 10,000 அடிக்குள்ளேயே பெரும்பலன் கிடைத்துவிடுகிறது. இப்போது 3,000 அடி நடக்கிற பையன் நாளைக்கே 10,000 என்று கிளம்ப வேண்டாம். முதல் வாரம் வழக்கம்போல இருந்துவிட்டு, சராசரி என்ன என்று பாருங்கள். அடுத்த வாரம் அதில் 1,000 கூட்டுங்கள். முட்டி வலிக்காமல் இருந்தால் இன்னும் 1,000.

வாட்ச் சொல்வதை அப்படியே நம்பவும் கூடாது. அது பார்ப்பது கையின் அசைவை. தறியிலோ மில்லிலோ கையை ஆட்டி ஆட்டி வேலை பார்க்கிறவருக்கு, நின்ற இடத்திலேயே அடிகள் ஏறும். குண்டும் குழியுமான ரோட்டில் பைக் ஓட்டினாலும் சில வாட்ச் அதை நடையாகச் சேர்த்துவிடும். மாறாக, சைக்கிளில் வேலைக்குப் போகிறவரின் உழைப்பு அடிக் கணக்கில் சரியாக வராது. அவர் நிமிடக் கணக்கைப் பார்க்கட்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் நிமிடம்தான்: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது மூச்சு வாங்கும் உழைப்பு என்றால் 75 முதல் 150. இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கவும் சொல்கிறது. தண்டால், பஸ்கி போதும்.

நடக்க இடமா இல்லை? ஆண்டாள் கோயிலைச் சுற்றி ரத வீதிகள் இருக்கின்றன, அதிகாலையில் வண்டித் தொல்லையும் குறைவு. ராஜபாளையத்துக்காரர்களுக்கு சஞ்சீவி மலைப் பக்கம். புரட்டாசி சனிக்கிழமை திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்க நடக்கிற கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளலாம். வத்திராயிருப்பு பக்கம் தாணிப்பாறையிலிருந்து சதுரகிரி ஏறுவது வேறு ரகம், பயிற்சி இல்லாமல் போகாதீர்கள். தனியாக நடப்பதைவிட நாலு நண்பர்கள் சேர்ந்து, வாராவாரம் யார் அதிகம் என்று போட்டி வைத்தால் இந்த வயதில் நன்றாகவே வேலை செய்யும்.

நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால், வாட்ச்சில் துடிப்பு நார்மல் என்று காட்டினாலும் நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி.

வாட்ச் வாங்க இஎம்ஐ போடவும் தேவையில்லை. பெரும்பாலான ஸ்மார்ட்போன்கள் தாமே அடி எண்ணும். ஒரே நிபந்தனை, போன் பாக்கெட்டில் இருக்க வேண்டும். சார்ஜரில் கிடந்தால் எண்ணாது.