சிவதீரியமும் எங்கள் தேயிலையும்

இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளில் புதையுண்டு கிடந்த ஒரு விலங்கைப் பற்றி மலையகத்தான் நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அதன் பெயர் சிவதீரியம். ஒட்டகச்சிவிங்கியின் அழிந்துபோன உறவு. கழுத்துக் குட்டை, உடல் பருமன், தலையில் இரண்டு சோடிக் கொம்புகள்; பின்னிரண்டும் அகன்று விரிந்தவை. 2016இல் வெளிவந்த ஆய்வொன்று அதன் எடையை ஏறத்தாழ 1,250 கிலோ எனக் கணித்தது.

1836இல் அதற்குப் பெயர் சூட்டியவர்கள் ஹியூ ஃபால்கனர், புரோபி காட்லி என்ற இரு கம்பனி உத்தியோகத்தர்கள். பெயரில் சிவன் இருப்பதைக் கண்டு நம் முன்னோர் அறிந்த விலங்கு இதுவென்று புளகாங்கிதம் அடைவோர் இந்தத் தகவலை மனதில் கொள்வது நல்லது.

1837இல் லண்டன் புவியியற் சங்கம் இருவருக்கும் வொல்லஸ்டன் பதக்கம் வழங்கியது. ஆனால் கண்டுபிடித்தது யார்? ஒருவர் சகாரன்பூர்த் தாவரவியற் பூங்காவின் மேற்பார்வையாளர். மற்றவர் கால்வாய்ப் பொறியியலாளர். குன்றேறி எலும்பு தேட உள்ளூர் ஆட்களை அமர்த்தினார்கள். அங்கே எலும்பு கிடப்பது ஊரார் அறியாததும் அன்று; நாஹன் அரசரே ஆங்கிலேய அதிகாரிகளுக்குப் புதைபல் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். வரலாற்றில் நின்றவை இரண்டு துரைமாரின் பெயர்கள்.

இதே ஃபால்கனர்தான், 1834இல் இந்தியாவில் தேயிலை விளையுமா என்று கம்பனி அரசு ஆராய்ந்தபோது, இமயமலைச் சாரலைப் பரிந்துரைத்து, பரீட்சார்த்தப் பயிர்ச்செய்கையையும் மேற்பார்வை செய்தவர். எலும்பிலும் தேயிலையிலும் கணக்கு ஒன்றுதான். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டார் என்கிறோம். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தொழிற்சாலை பார்க்க வருவோருக்கும் அதையே சொல்கிறோம். பத்தொன்பது ஏக்கரையும் ஒருவரா வெட்டி, குழி தோண்டி, கன்று நட்டார்?

நாட்கூலியையே 'பேர்' என்று சொல்லும் தோட்டம் எங்களுடையது. கொழுந்து நிறை குறைந்தால் 'அரைப்பேர்'. செக்ரோலில் ஒவ்வொரு நாளும் பெயருக்கு நேரே கோடு விழுந்தது. எனவே பெயர்கள் கிடைக்கவில்லை என்று எவரும் சாக்குச் சொல்ல வேண்டாம். தோட்டக் காரியாலயங்களில் எஞ்சியுள்ள பழைய செக்ரோல் புத்தகங்களைக் கறையான் முடிப்பதற்குள் சுவடிக்கூடத்தில் சேர்க்கும்படி, சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும் நம் தொழிற்சங்கத் தலைவர்கள் ஒரு வரி சேர்த்துக் கேட்டால் என்ன குறைந்துவிடும்?