கடலில் இட்ட கோடு

பழந்தமிழ் நூலார் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடக்கே வேங்கடத்தையும் தெற்கே குமரியையும் எல்லையாகக் கூறினர். கிழக்கும் மேற்கும் கடலே எல்லையாதலின் கூறாது விட்டனர் என்பர். அன்று நாட்டுக்குக் கடல் எல்லை. இன்றோ கடலுக்கே எல்லை வேண்டியதாயிற்று. நம் வடகடலில் அவ்வெல்லை அமைந்தவாற்றை நம் மாணாக்கருட் பலர் அறியார்.

பாக்கு நீரிணைக்குரிய எல்லை, 1974 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கா, இந்திரா காந்தி ஆகிய பிரதமர் இருவரும் கைச்சாத்திட்ட உடன்படிக்கையால் அமைந்தது. அகலக்கோடு நெடுங்கோடுகளாற் குறிக்கப்பெற்ற ஆறு நிலைகளை இணைத்து அக்கோடு வரையப்பட்டது. கச்சதீவின் மேற்குக் கரைக்கு ஏறத்தாழ ஒரு மைல் அப்பால் அது செல்லுதலின், அத்தீவு இலங்கையின்பாலதாயிற்று. 1976 ஆம் ஆண்டில் மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் எல்லை வகுக்கப்பட்டது. அவ்வாண்டு இரு அரசுகளும் பரிமாறிய கடிதங்கள், ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடித்தலை விலக்கின.

ஒரு மொழி பேசும் இரு கரையாரிடையே கோடு எதற்கு எனச் சிலர் வினவுவர். உறவுக்குக் கோடு வேண்டாம், உரிமைக்கு வேண்டும். யாழ்ப்பாணத்தார் வேலியின் பயனும் அறிவர்; வேலிச் சண்டையின் கேடும் அறிவர். ஆயினும், கடலிற் கதியால் நாட்ட இயலாது. அக்கரை இழுவைமடிப் படகுகள் கோடு கடந்து வந்து கடலடியை வாரிச் செல்லுங்கால், நம் சிறுவள்ளக்காரன் விரித்த வலையையும் இழக்கிறான். நாளைய மீன்குஞ்சையும் இழக்கிறான். 2009 இல் முடிந்த போர்க்காலத்திற் கடல் மறுக்கப்பட்டிருந்தவன் அவன். இலங்கை 2017 இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. கடலடி மீனோ சட்டப் புத்தகம் பார்த்து நீந்துவதில்லை.

அப்படகிற் கூலிக்கு வருபவனும் ஏழையே. அவனைச் சுடுதல் நீதியன்று, சிறையிடுதல் தீர்வன்று. இழுவைமடியை அக்கரையும் கைவிடல் வேண்டும். அதனால் தொழிலிழப்போர்க்கு வேறு தொழிலும் அமைத்தல் வேண்டும். இரு கரை மீனவரையும் ஓரிடத்திருத்திப் பேசச் செய்தலே இரு அரசுகளின் கடன்.

நம் பழைய மாணவருட் சட்டம் வல்லாரும் நில அளவை வல்லாரும் உளர். அவர்கள் இவ்விழா ஆண்டில் ஒருநாள் வகுப்பறைக்கு வந்து, தேசப்படத்தில் அக்கோட்டை மாணாக்கரைக் கொண்டே வரைவித்து, அதன் இருபுறமும் வாழும் மனிதரையும் காட்டுவாராக. கோட்டை மட்டும் கற்பவன் பகையையே கற்பான். மனிதரையும் சேர்த்துக் கற்பவனே நீதியைக் கற்பான்.