ஆவுளியாவும் அறுந்த வலையும்

பாக் விரிகுடாவின் ஆழமற்ற நீரடியில் கடற்புல் பசுமையாய் விரிந்து கிடக்கின்றது. அதனை மேய்ந்து வாழும் பாலூட்டியே கடற்பசு. கரையோர மக்கள் அதனை ஆவுளியா என்பர். மீனைப்போல் அது நீருள் மூச்சுவிட வல்லதன்று. வலையிற் சிக்கி மேலெழ இயலாதாயின் விரைவில் மடிந்துவிடும். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே கன்றை ஈனுவதாதலின், ஒன்றன் இழப்பும் பேரிழப்பாகும்.

1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் கொல்வதைத் தடுக்கின்றது. 2022-இல் தமிழ்நாட்டு அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர்ப் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இத்தகையதில் இதுவே முதலாவது. ஆயினும், நள்ளிரவில் நடுக்கடலில் வலை இழுப்பவன் அருகே சட்டம் நிற்பதில்லை. அங்கே ஆவுளியாவின் உயிர் அவன் கைக்கத்தியில் இருக்கின்றது. வலையை அறுத்தால் அது பிழைக்கும்; அவனுடைய அன்றைய பிழைப்போ போகும். அவ்வாறு விடுவித்த மீனவர் பலர். வனத்துறை அவர்களுக்குப் பரிசளித்துப் பாராட்டியும் உள்ளது.

பாராட்டு நன்று, ஆயின் அது மட்டும் போதாது. பொதுநலத்திற்காக அறுக்கப்பட்ட வலையின் விலையை ஏழை ஒருவன் தலையில் சுமத்துதல் முறையன்று. வனத்துறையும் மீன்துறையும் மாவட்ட ஆட்சியும் ஒன்றுகூடி, உரிய இழப்பீடு காலந்தாழாது கிடைக்கச் செய்தல் வேண்டும். மீனவரும் கடற்புல்லைப் பெயர்க்கும் இழுவலையை அங்கே தவிர்த்தல் வேண்டும். அப்புல்வெளி இறாலும் மீன்குஞ்சும் வளரும் தொட்டிலன்றோ? அது அழியின், ஆவுளியாவோடு மீனவனின் நாளைய உணவும் அழியும். காப்பவனைக் காத்தலே உயிர்க்காப்பின் முதற்படியாகும்.