செலவழுங்கல்

மன்ற இதழுக்கு ஏதேனும் எழுதித் தருக என்று இதழாசிரியர் பணித்தபோது, அணுக்கருவைப் பற்றி எழுதிவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். முதுநிலை இயற்பியல் படிக்கும் ஒருத்தியிடம் நீங்களும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பீர்கள். ஆனால் சென்ற விடுமுறைக்குக் கஞ்சிக்கோட்டுக்குப் போய்த் திரும்பிய நாள் முதல் வேறொன்று நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதை இறக்கி வைத்தால்தான் அணுவும் எனக்கு விளங்கும் போலிருக்கிறது.

கஞ்சிக்கோடு எங்கே இருக்கிறது என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு சொல். கோவையிலிருந்து மேற்கே புறப்பட்டால் வாளையாறு வரும். எல்லையைக் கடந்ததும் எங்கள் ஊர். அதற்கும் மேற்கே பாலக்காடு. மேற்கு மலைத்தொடர் கதவு திறந்து விட்டதுபோல் இடைவெளி விட்டிருக்கும் இடம் அது. அந்த வாயில் வழியாக வீசும் காற்றை நம்பி 1995இலேயே அங்குக் காற்றாலைகள் நட்டார்கள். ஐ.டி.ஐ., இன்ஸ்ட்ருமென்டேஷன் முதலிய பொதுத்துறை ஆலைகளால் 1970களில் பெயர் பெற்ற ஊர். பின்னர் 1990களில் மின்கட்டணச் சலுகையை நாடி உருக்காலைகள் பல வந்தன. அந்த உருக்காலை ஒன்றில் வேலை தேடி உடுமலைப் பக்கமிருந்து வந்தவர் என் தந்தையார். நாங்கள் குடியேறிய தமிழர். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், ஆலை வாசலில் இந்தி. மூன்றும் கலந்த ஒரு மொழியில்தான் எங்கள் தெருக் குழந்தைகள் சண்டையிடும்.

என் அண்ணன் மென்பொருள் எழுதுபவர். பெங்களூரில் வேலை. எந்த நிறுவனம் என்பது இங்கு வேண்டாம். 2020 மார்ச்சில் ஊரடங்குக்குச் சற்று முன்னர் மடிக்கணினியும் ஒரு பையுமாக வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அடுத்த மே மாதத்தில் அனுமதிச் சீட்டு இல்லாமல் வந்தவர்கள் வாளையாற்றுச் சாவடியில் வெயிலில் காத்துக் கிடந்ததைக் கண்டபோது, “நல்லவேளை, முந்திக்கொண்டேன்” என்றார். இரண்டு கிழமை என்று வந்தவர் மூன்றாண்டுகள் இருந்தார்.

அந்த மூன்றாண்டுகளைப் பற்றித்தான் சொல்ல விழைகிறேன். பெரிய செய்தி ஒன்றும் அதில் இல்லை. காலையில் மாடியில் கத்தரிக்கும் வெண்டைக்கும் நீர் விடுவார். ஒன்பது மணிக்குக் கணினியின் முன் அமர்ந்தால் பகலுணவுக்குத்தான் எழுவார். மாலையில் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்டவாளம் தெரியும் மேட்டுக்குப் போய்ப் புகைவண்டி காட்டுவார். இரவில் தந்தையாரோடு சதுரங்கம். தோற்பவர் மறுநாள் பால் வாங்கி வரவேண்டும் என்பது விதி. ஆறு மாதம் அண்ணனே பால் வாங்கினார். வேண்டுமென்றே தோற்றாரா என்பது இன்றுவரை விளங்கவில்லை.

சனி, ஞாயிறுகளில் பழந்தமிழ் நூலொன்றை வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகக் கணினியில் பதிந்துகொண்டிருப்பார். “இதற்கு யார் சம்பளம் தருவார்கள்?” என்று அம்மா கேட்பார். ஒருவரும் தருவதில்லை. ஆனால் தமிழ் கணினிக்குள் நுழைந்ததே இத்தகைய சம்பளமில்லாத மாலைப் பொழுதுகளில் அன்றோ? 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, இலக்கியங்களை எவரும் விலையின்றிப் படிக்க வழி செய்த கு. கல்யாணசுந்தரம், சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியலறிஞர். கனடாவில் சீனிவாசன் ‘ஆதமி’யை ஆக்கியது 1984இல், மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’ எழுதத் தொடங்கியது 1985இல். இன்று உலகத்துக் கணிப்பொறிகளை இயக்கும் லினக்ஸ்கூட, 1991இல் பின்லாந்து மாணவர் ஒருவர் பொழுதுபோக்கு என்று சொல்லித் தொடங்கியதுதான். ஓய்வு நேரத்தை வீண் நேரம் என்று கருதும் பெரியவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்த்தல் நன்று.

எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை. 2023 அக்டோபரில் இன்போசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்திற்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 தொடக்கத்தில் லார்சன் அண்ட் டூப்ரோவின் தலைவர் சுப்பிரமணியன் 90 மணி வரை போனார். ஞாயிறன்று வீட்டில் அமர்ந்து எவ்வளவு நேரம்தான் மனைவியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்ற பொருள்பட வினவினார். நாடே நகைத்தது. எனக்கு நகைப்பு வரவில்லை. அவ்வினாவில் வீடு என்பது ஒருவர் மற்றவரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும் இடமாக இருக்கிறது. பால் வாங்குவதும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் விழித்திருப்பதும், முதியவருக்கு மருந்து எடுத்துக் கொடுப்பதும் அக்கணக்கில் வேலையே அல்ல. வேறொருவர் செய்துவிடுவதால், அவை தாமே நடந்தேறுவதாக எண்ணம். அந்த வேறொருவர் பெரும்பாலும் பெண் என்பதை நான் சொல்லவும் வேண்டுமா? உருக்குலையின் முன் நின்ற என் தந்தையாருக்குக்கூட 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வாரத்திற்கு 48 மணி என்று வரம்பு வகுத்திருந்தது.

2023இல் அண்ணனுக்கு அழைப்பு வந்தது. வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகத்தில் இருந்தாக வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அதே கிழமையில் அண்ணிக்கும் அழைப்பு. அண்ணியும் மென்பொருள் படித்தவர்தான். மகள் பிறந்தபோது விட்ட வேலையை, வீட்டிலிருந்தே செய்யலாம் என்றானதும் 2021இல் கோவை நிறுவனம் ஒன்றில் மீண்டும் பிடித்திருந்தார். இப்போது நாள்தோறும் கோவைக்குப் போகவேண்டும். போக வர எண்பது கிலோமீட்டருக்கு மேல். நான்கு வயதுக் குழந்தை, உலைப் புகையில் நெஞ்சு கெட்ட மாமனார், கணவர் பெங்களூரில். இரண்டு சம்பளத்தில் எது சிறியதோ அது போகட்டும் என்று அவர்களே பேசி முடித்தார்கள். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. அண்ணியின் மடிக்கணினியை நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்பும் பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்தது நான்தான். பசை நாடாவை மட்டும் மூன்று சுற்று அதிகமாகச் சுற்றச் சொன்னார்.

எல்லாரும் பெங்களூருக்கே குடிபோவதுதானே என்பீர்கள். தந்தையாருக்கு அந்த ஊர்க் குளிர் ஆகாது. தனியே விடவும் முடியாது. அண்ணன் மகள் இப்போதுதான் தமிழில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். வாடகையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஆகவே ஞாயிறுதோறும் மாலையில் அண்ணன் புறப்படுவார். கன்னியாகுமரியிலிருந்து பெங்களூர் செல்லும் ஐலண்டு எக்ஸ்பிரஸ் எங்கள் சிற்றூர் நிலையத்தில் நிற்காது. ஆதலால் பேருந்தேறி மேற்கே பாலக்காட்டுச் சந்திப்புக்குப் போய் ஏறவேண்டும். அதே வண்டி இரவில் கிழக்கே திரும்பி எங்கள் வீட்டின் ஓசைக்கெட்டும் தொலைவில் கஞ்சிக்கோட்டைக் கடந்து போகும். யானைகள் தண்டவாளம் கடக்கும் காட்டுப்பகுதியாகையால் இரவில் வேகம் குறைத்துத்தான் ஓட்டுவார்கள். அந்த மெதுவான ஓட்டத்தில் மாடியிலிருந்து குழந்தை கைவிளக்கை ஆட்டுவாள். எந்தப் பெட்டியில் அப்பா இருக்கிறார் என்று அவளுக்குத் தெரியாது. அவர் கதவருகில் நிற்கிறாரா என்பதும் தெரியாது. வாளையாற்றுக்கு அப்பால் மதுக்கரைப் பக்கத்தில், யானை தண்டவாளத்தை நெருங்கினால் கண்டறிந்து எச்சரிக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைத் தமிழ்நாடு வனத்துறை 2024 பிப்ரவரியில் கோபுரங்கள் நாட்டிப் பொருத்தியிருக்கிறது. யானைக் கூட்டம் பிரியாமல் காக்க மென்பொருள் எழுதத் தெரிந்த காலம் இது. எழுதுகிறவன் வீட்டைப் பற்றி எண்ணத்தான் நேரமில்லை.

புறப்படும் முன் அண்ணன் காட்டும் தயக்கம் இருக்கிறதே, அதைக் காண வேண்டும். பையைக் கட்டி வைத்துவிட்டு வெண்டைச் செடியைப் பார்க்கப் போவார். திரும்பி வந்து மின்விசிறி ஆடுகிறது என்று முடுக்குவார். “பஸ் போயிருமே” என்று அம்மா சொன்ன பிறகு மகளிடம் ஒரு கதை தொடங்குவார். நம் இலக்கணத்தார் இதற்குச் செலவழுங்கல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பொருள் தேடப் புறப்பட்ட தலைவன் வழியில் தயங்குவது போகாமலிருப்பதற்காக அன்று, தலைவியைத் தேற்றிவிட்டுப் போவதற்காகவே என்று விளக்கமும் தந்திருக்கிறார் தொல்காப்பியர். பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்த அந்த நூற்பா எங்கள் வீட்டுத் திண்ணையில் நடக்கிறது. பாலை மரம் நிறைந்த காடே பாலக்காடு ஆயிற்று என்று பெயர்க்காரணம் சொல்வாருண்டு. பாலைத்திணைக்கு ஏற்ற ஊர்தான்!

தொல்காப்பியர் அதோடு நிற்கவில்லை. பிரிவுக்குக் கால எல்லையும் கூறினார். கல்விக்காகப் பிரிந்தால் மூன்றாண்டைக் கடத்தல் கூடாது. வேந்தன் பணிக்காகப் பிரிந்தால் ஓராண்டுக்குள். ஏனைப் பிரிவுகளும் அவ்வாறே. பொருள் தேடுவதை அவர் இழித்துரைக்கவில்லை. பொருளின்றி வாழ்வில்லை என்பதை நம்மினும் நன்கறிந்த சமுதாயம் அது. ஆயினும் வீட்டிலிருப்பவர் எதுவரை பொறுக்க முடியும் என்றும் கணக்கிட்டது. இன்றைய பணியாணையில் சம்பளம் உண்டு, விடுப்பு உண்டு, விலகுவதாயின் எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்பதும் உண்டு. பிரிவு எப்போது முடியும் என்ற வரி மட்டும் இல்லை.

இதைத் தந்தையாரிடம் சொன்னேன். நெடுநேரம் கேட்டுவிட்டு, “கண்ணு, நா வேலைக்குப் போனப்ப உலையை வீட்டுக்குத் தூக்கிட்டு வரட்டுமான்னு கேக்க முடியுமா? வேலைன்னா போய்த்தான் ஆகோணும்” என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. உருக்காலைக்கும் மருத்துவமனைக்கும் வயலுக்கும் போயே தீரவேண்டும். வேலை கற்கும் புதியவர்களுக்கு மூத்தவர் பக்கத்தில் அமர்ந்திருப்பது நல்லது என்பதையும் ஒப்புகிறேன். ஆய்வுக்கூடத்தில் எனக்கே அது தெரியும். தமிழன் வீட்டை விட்டு நகரக்கூடாது என்பதும் என் வாதமன்று. நகர்ந்திராவிட்டால் நான் கஞ்சிக்கோட்டில் பிறந்திருக்க மாட்டேன்.

நான் கேட்பது வேறு. அண்ணன் பெங்களூர் அலுவலகத்தில் என்ன செய்கிறார்? காதில் கேட்பொறியை மாட்டிக்கொண்டு, புனேயில் இருப்பவரோடும் போலந்தில் இருப்பவரோடும் அதே மடிக்கணினியில் பேசுகிறார். அவருடைய குழுவில் ஒருவர்கூட அந்தக் கட்டடத்தில் இல்லை. உலையை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது, மெய்தான். ஆனால் இங்கே உலையே மடியில் இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு 400 கிலோமீட்டர் போய் வேறொரு மேசையில் வைக்கச் சொல்கிறார்கள். சோகோ நிறுவனம் 2011இலேயே தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் அலுவலகம் அமைத்தது. அங்கும் குறைகள் இருக்கலாம். மென்பொருள் சிற்றூரிலும் உருவாகும் என்பதையாவது அது காட்டிவிட்டது. தேவைக்குப் பிரிக, தேவையின்றிப் பிரிக்காதீர் என்று கேட்பது சோம்பலாகாது. அதைக் கேட்க வேண்டியவர்கள் அடுத்த ஆண்டு வேலைக்குப் போகவிருக்கும் நாம்தான். அங்கே போய் அமர்ந்துவிட்டவர்களுக்குக் கடன் தவணை இருக்கிறது. அவர்கள் வாய் திறப்பது அரிது.

அடுத்த மாதம் நம் பல்கலைக்கழகத்தில் வளாக நேர்காணல். இயற்பியல் மாணவருக்கும் மென்பொருள் நிறுவனங்கள் இடம் தருகின்றன. நானும் விண்ணப்பிக்கிறேன்; அண்ணன் ஒருவர் தோளில் எத்தனை நாள் வீட்டுச் சுமையை ஏற்றி வைப்பது? இணையப் படிவத்தில் ஒரு வினா: பணிக்காக எந்த ஊருக்கும் செல்ல இசைகிறீர்களா? விடையாக ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். ‘ஓராண்டு வரை’ என்று எழுத இடமிருக்கிறதா என்று வேலைவாய்ப்பு அலுவலரிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “இதுவரை யாரும் கேட்டதில்லையம்மா” என்றார். வரும் வெள்ளிக்கிழமைக்குள் படிவத்தை அனுப்ப வேண்டும். நம் மன்றத்திலிருந்து இன்னும் நாலைந்து பேர் போய்க் கேட்டால், அவர் அடுத்த முறை அப்படிச் சொல்ல மாட்டார்.