தலைக்காயம் ஆறிய பிறகும் ஆள் மாறிப்போவது ஏன்?

பைக் விபத்தில் தலையில் அடிபட்ட ஒருவர், ஐசியூ, ஆபரேஷன் எல்லாம் தாண்டி வீடு திரும்புகிறார். நடை, பேச்சு, ஞாபகம் எல்லாம் ஓகே. ஆனால், சில மாதங்களில் வீட்டில் புலம்பல் தொடங்குகிறது: ‘காசு கையில நிக்க மாட்டேங்குது’, ‘யோசிக்காம கடன் வாங்குறார்’, ‘கேட்டா கத்துறார்’. இது திமிரா, காயத்தின் விளைவா?

பிரேக் எங்கே இருக்கிறது?

ஆசை வந்ததும் ‘கொஞ்சம் பொறு’ என்று தடுப்பதில் மூளையின் முன்மடலுக்குப் பெரிய பங்கு உண்டு. நெற்றிக்குப் பின்னால், கண்குழிகளுக்கு மேலே இருக்கும் பகுதி இது. அங்கே மண்டையோட்டின் உட்புறம் கரடுமுரடானது. வேகமாகப் போகும் தலை மோதிச் சட்டென நிற்கும்போது, மூளை நகர்ந்து அதில் உரசுகிறது. வாகன விபத்துகளில் முன்மடல் அதிகம் அடிபட இதுவும் ஒரு காரணம்.

புத்தி இருந்தும் ஏன்?

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பெஷாரா, டமாசியோ குழுவினர் நடத்திய சீட்டுச் சோதனை 1994இல் வெளியானது. மொத்தம் 4 கட்டுகள். இரண்டில் பெரிய லாபம், அதைவிடப் பெரிய நஷ்டம். மற்ற இரண்டில் லாபம் குறைவு, ஆனால் கடைசியில் பணம் மிஞ்சும். மூளையில் காயம் இல்லாதவர்கள் கொஞ்ச நேரத்தில் உஷாராகிவிட்டார்கள். முன்மடலின் அடிப்பகுதி பாதிக்கப்பட்டவர்களோ நஷ்டக் கட்டுகளையே திரும்பத் திரும்ப எடுத்தார்கள். இத்தனைக்கும் அவர்களின் அறிவுத்திறன் நார்மல். அதனால் வெறும் அட்வைஸ் இங்கே வேலைக்கு ஆகாது.

48 மணி நேரத்துக்குப் பிறகு?

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தருகிறது. உயிர் காக்க இது அவசியம். ஆனால், குணமாற்றம் தெரிவது டிஸ்சார்ஜுக்குப் பிறகுதான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில், விபத்தால் வரும் மூளைக்காயம் தனி வகையாக இல்லை. கை, கால் இழப்பு கண்ணுக்குத் தெரியும். நிதானம் இழந்தது தெரியாது. விளைவு, ‘பொறுப்பில்லாதவன்’ என்ற பட்டம்.

என்ன செய்யலாம்?

அடிபட்ட எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. பலருக்கு மாதக்கணக்கில் மெல்லச் சரியாகும். மாற்றம் தெரிந்தால் நரம்பியல் மருத்துவரிடம் அதையும் சொல்ல வேண்டும், நரம்பியல் உளவியல் பரிசோதனை பற்றிக் கேட்க வேண்டும். அதுவரை அவரிடம் பேசி, யுபிஐ வரம்பைக் குறைப்பது, பெரிய செலவை ஒரு நாள் தள்ளிப்போடுவது போன்ற ஏற்பாடுகள் உதவும். உள்ளே பிரேக் பலவீனமாக இருக்கும்போது, வெளியே ஒன்று தேவை.