பத்தொன்பது வயதோட முடியிற ஓட்டம்

சித்திரை வந்தால் எங்கட பக்கம் ஊருக்கு ஊர் மரதன் ஓட்டம். ஐந்து கிலோமீற்றர் ஓடினாலும் அதுக்குப் பேர் மரதன்தான், 42.195 எண்டு ஆரும் அளக்கிறதில்லை. அது பரவாயில்லை. முதலாவதாக வந்த பொடியனை மூன்று வருசம் கழிச்சு ஆரும் தேடுறதில்லை எண்டதுதான் எனக்குப் பிரச்சினை.

நெடுந்தூர ஓட்டக்காரரை ஒரு பந்தயத்தை வைத்து அளக்க முடியாது. எத்தனை வருசம் அந்தத் தரத்தில் நிண்டார் எண்டு பார்க்கவேணும். எலியுட் கிப்சோகேயை எடுங்க. 2003இல், 18 வயதில், 5,000 மீற்றர் உலக சம்பியன். 2004இல் ஒலிம்பிக் வெண்கலம், 2008இல் வெள்ளி. 2012இல் கென்ய ஒலிம்பிக் அணியிலேயே இடமில்லை. அடுத்த வருசம் மரதனுக்கு மாறினார். பிறகு ரியோவிலும் டோக்கியோவிலும் தங்கம். 2022இல் பெர்லினில் 2 மணி 1 நிமிடம் 9 செக்கனில் உலக சாதனை வைக்கக்குள்ள அவருக்கு வயது 37. எல்லாரும் அந்த நேரத்தைத்தான் சொல்லுவாங்க. எனக்கு 2012தான் பெரிசாத் தெரியுது. சின்ன வயதிலிருந்து பழக்கின பட்ரிக் சாங் அந்த வருசமும் அவரைக் கைவிடயில்லை. இங்கயெண்டால் ‘அவன்ட காலம் முடிஞ்சிது’ எண்டிருப்பம்.

நம்ம நாட்டு அனுராத இந்திரஜித் குரே 2004, 2012, 2016 எண்டு மூன்று ஒலிம்பிக் மரதன் ஓடினவர். பதக்கம் இல்லை, அதனால இங்க தெரிஞ்சவங்களும் குறைவு. பன்னிரண்டு வருசம் உடம்பை அந்த மட்டத்தில் வைச்சிருக்கிறது லேசான வேலையா?

இந்த வயதுகளை எங்கட முறையோட வைச்சுப் பாருங்க. கோட்டம், வலயம், மாகாணம் எண்டு பாடசாலைப் போட்டி இருக்கும்வரைதான் ஓட்டம். உயர்தரம் முடிய சப்பாத்தும் மூலைக்குப் போயிடும். பிறகு கட்டார், கடை, மேசன் வேலை. பெண் பிள்ளைகளுக்கு அதுக்கும் முன்னமே நிப்பாட்டிடுவாங்க. ஆனால் நெடுந்தூரம் ஓடுற உடம்பு பல வருசப் பயிற்சியில்தான் முதிரும். பெரும்பாலானவங்க உச்சத்துக்கு வாறது இருபதுகளின் கடைசியில. நாங்க செய்யிறது, குடலைப் பருவத்தில வயலுக்குத் தண்ணியை மறிக்கிற வேலை.

கழகங்கள் கிரிக்கெட் சுற்றுப்போட்டிக்குச் செலவழிக்கிறதில ஒரு பங்கு போதும். படுவான்கரையிலயும் எழுவான்கரையிலயும் ஓடுறவங்களை மாதம் ஒருக்கா, கச்சான் காத்துக் கிளம்ப முன்னம், விடிய ஐந்தரைக்கு வெபர் மைதானத்துக்குக் கூப்பிட்டு 5,000 மீற்றருக்கு நேரம் எடுக்கலாம். ஒரு ஆள், ஒரு ஸ்டொப் வொட்ச், ஒரு கொப்பி. 19 வயதில ஓடின நேரம் இருக்கிற அதே பக்கத்தில 24 வயது நேரமும் எழுதப்படவேணும்.